பெண்கள் எடுத்த படங்களைத் திரையிடும் முன்: பிரதி, வெளிச்சம், ஒலி, கேள்வி

மார்ச் முதல் இரண்டு வாரங்களில் சென்னையில் நல்ல அரங்கம் பிடிப்பது தை மாதத்தில் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி. எட்டாம் தேதியைச் சுற்றி கல்லூரி, வங்கி, மகளிர் சங்கம், கலாசார மையம் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் ‘பெண்களும் சினிமாவும்’ வைக்கிறார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, முக்கால் மணி நேர வரவேற்புரை எல்லாம் ஆன பிறகு, எங்கிருந்தோ இறக்கிய பிரதியில், வசனம் பாதி காதில் விழாமல் படம் ஓடும். இயக்குநர் வந்திருந்தால் “ஒரு பெண்ணாக இந்தத் துறையில்...” என்று முதல் கேள்வி விழும். அதோடு அவர் முகம் வாடிவிடும்.

படம் எடுத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அவர் எடுத்த படம் அவர் நினைத்த வெளிச்சத்திலும் ஒலியிலும் ஓட வேண்டும். பிறகு அவருடைய வேலையைப் பற்றி, வேலை தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். இங்கே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டுக்கும் தேவையான ஏற்பாடுகள். கணக்கு 50 முதல் 150 பேர் வரை உட்காரும் திரையிடலுக்கானது.

எந்தப் படம்

தமிழில் பட்டியல் போடுகிறவர்கள் டி.பி. ராஜலட்சுமியில் தொடங்குவார்கள். சரிதான். 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தவர். ஆனால் அந்தப் படத்துக்குப் பிரதி இல்லை. போஸ்டரில் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு வேறு படத்தை ஓட்டுவதைவிட, பதினைந்து நிமிடம் ஒதுக்கி, கிடைக்கிற புகைப்படங்களையும் பத்திரிகை விளம்பரங்களையும் திரையில் காட்டி, படம் எப்படித் தொலைந்துபோகிறது என்று பேசலாம். அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் தேட தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

அடுத்து பானுமதி. ‘சண்டிராணி’யை 1953இல் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கினார். சாவித்திரி 1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ எடுத்துவிட்டு, அடுத்த வருடமே அதைத் தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆக்கினார். 1971இல் ‘பிராப்தம்’. இந்தக் காலத்துப் படங்களில் வரும் தலைவலி பிரதிதான். டி.வி.க்காக வெட்டிய பிரதிகளே பெரும்பாலும் சுற்றுகின்றன. மூலையில் சேனல் லோகோ இருக்கும், இரண்டு பாட்டு காணாமல் போயிருக்கும்.

வெட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். படத்தின் நீளம் சான்றிதழிலோ பழைய பதிவிலோ 15,300 அடி என்றிருந்தால் அது 170 நிமிடம். கையில் இருக்கும் ஃபைல் 2 மணி 43 நிமிடம் காட்டினால் பயப்பட வேண்டாம். டி.வி.க்காக நொடிக்கு 25 பிரேம் வேகத்தில் மாற்றும்போது நான்கு சதவீதம் சுருங்கும், அவ்வளவுதான். 2 மணி 10 நிமிடம் என்றால் கத்திரி விழுந்திருக்கிறது. பார்வையாளர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம்.

பெயர்ப் பட்டியலாக இல்லாமல் ஒரு இழையைப் பிடித்துப் போனால் நிகழ்ச்சி நிற்கும். ஓர் உதாரணம்: ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002). ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி. எழுத்தில் சுதா கொங்கராவும் வி. பிரியாவும். பிரியா பிறகு ‘கண்ட நாள் முதல்’ (2005) எடுத்தார். சுதா ‘இறுதிச்சுற்று’ (2016), ‘சூரரைப் போற்று’ (2020) வரை வந்தார். இதில் மூன்று படங்களை மூன்று வாரம் போட்டு, எழுத்தில் உட்கார்ந்தவர் இயக்குநராக எவ்வளவு வருடம் ஆகிறது, நடுவில் என்ன செய்தார் என்று கேட்டால், ‘பெண் சாதனையாளர்கள்’ வகையறாப் பேச்சில் வராத விஷயம் எல்லாம் வரும்.

இயக்குநர்கள் மட்டும்தான் சினிமாவா என்ன? பி.ஆர். விஜயலட்சுமி ‘சின்ன வீடு’ (1985) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 1995இல் ‘பாட்டுப் பாடவா’வை இயக்கவும் செய்தார். ஒளிப்பதிவாளரை அழைத்தால் முழுப்படம் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. பத்து நிமிடத் துண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் முதலில் ஒலியில்லாமலும் பிறகு ஒலியோடும் ஓட்டலாம். ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’ (2019) இதற்கு வாகான படம். நான்கு கதைகள், நான்கு ஒளிப்பதிவாளர்கள், அவர்களில் ஒருவர் யாமினி யக்ஞமூர்த்தி. படத்தொகுப்பு இயக்குநருடையதே. நான்கு கதையிலிருந்தும் ஒவ்வொரு காட்சி எடுத்து அடுத்தடுத்து ஓட்டினால் விளக்கு, லென்ஸ், நிறம் எப்படி மாறுகிறது என்று சினிமா படிக்காதவருக்கும் கண்ணில் படும்.

மேக்கப் துறையை எடுத்தாலும் நல்ல ஒரு மாலை கிடைக்கும். பெண்களுக்கு ஹேர் டிரெஸ்ஸர் அட்டை மட்டும்தான், மேக்கப் கலைஞர் அட்டை கிடையாது என்று சங்க விதி நெடுங்காலம் இருந்தது. 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. அந்த விதி இருந்த காலத்திலும் பிறகும் வேலை செய்தவர் ஒருவரை உட்கார வைத்தால் போதும். திரையிடல் அதற்கு ஒரு முன்னுரை ஆகிவிடும்.

ஆவணப்படத்தில் தீபா தன்ராஜின் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ (2011) தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் நடத்தும் ஜமாத்தைப் பற்றியது. இந்த மாதிரிப் படத்தை நுங்கம்பாக்கத்தில் போடுவது ஒரு வகை, ராயபுரத்திலோ புதுப்பேட்டையிலோ போடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் கலந்துரையாடல் சூடு பிடிக்கும். வெளிநாட்டுப் படம் என்றால் நீளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாந்தால் ஆக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ 201 நிமிடம். அதை வேலைநாள் மாலை ஆறு மணிக்குப் போடுவது படத்துக்கும் பகை, ஆட்களுக்கும் பகை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போடுங்கள்.

அனுமதி

“இயக்குநரே சரி சொல்லிட்டாங்க” என்பது அனுமதி ஆகாது. கதைப்படங்களில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமும் அவர் விற்றவரிடமும் இருக்கும். இயக்குநர் வழியாக யாரைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். படத்தின் பெயர், தேதி, இடம், எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, டிக்கெட் உண்டா, கட்டணம் எவ்வளவு, யார் பிரதி தருவது என்று ஒரே மின்னஞ்சலில் இருந்தால் போதும். தனியாக ஆவணப்படம் எடுப்பவர்களுக்குத் திரையிடல் கட்டணம்தான் வருமானம். ‘எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்று சொல்லி இலவசமாகக் கேட்கிறவர்கள் பூமாலைக்கும் ஷீல்டுக்கும் ஆன செலவை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

ஓடிடி சந்தா வைத்துப் பொது அரங்கில் ஓட்டுவது சந்தா விதிக்கே எதிரானது. சில தளங்கள் தங்களுடைய சில ஆவணப்படங்களைக் கல்விக்கூடத்தில் காட்ட அனுமதிக்கின்றன. அந்த அனுமதிக் குறிப்பு அந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு கல்லூரிக்கு ஒரு சலுகை தருகிறது. பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரி நடவடிக்கையோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் என்றால் அது உரிமை மீறல் ஆகாது. ‘அனைவரும் வருக’ என்று வாட்ஸப்பில் போஸ்டர் போட்ட நிமிடம் அந்தச் சலுகை போய்விடும்.

பழைய படத்துக்கு 60 வருடக் கணக்கு. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1லிருந்து 60 ஆண்டு. 1953 படத்தின் பதிப்புரிமை 2013 முடிவோடு தீர்ந்தது. 1969 படத்துக்கு 2029 முடிவு வரை உண்டு. பதிப்புரிமை தீர்ந்தாலும் நல்ல பிரதி வைத்திருப்பவர் அதைச் சும்மா தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவரிடம் பணிவாகத்தான் போக வேண்டும்.

தணிக்கைச் சான்றிதழும் கட்டாயம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ‘ஏ’ படம் என்றால் 18 வயது ஆகாதவரை உள்ளே விட முடியாது. கல்லூரிகளில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் முதலாமாண்டு மாணவிகளில் பலருக்கு 17தான். சான்றிதழ் இல்லாத படங்களைத் திரைப்பட விழாவாகக் காட்ட 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கலாம். படங்களின் சுருக்கம், தேர்வுக் குழு விவரம் எல்லாம் கேட்பார்கள். வணிக நோக்கம் இருக்கக்கூடாது. இதைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது. ‘இது தனித் திரையிடல்’ என்ற வாதத்தை நம்பி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினால், காலையில் அரங்க நிர்வாகியிடமிருந்து போன் வரும், சாயங்காலம் நாற்காலி கிடைக்காது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ சான்றிதழுக்காகத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2011இல் வென்றது. அந்தத் தீர்ப்பாயமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றம்தான்.

படம் தொடங்கும் முன் இடைவெளி நிரப்ப சினிமாப் பாட்டு ஓட விடுகிறீர்களா? அதற்கும் தனி உரிமம் உண்டு. பாட்டை நிறுத்திவிடுவது சுலபம்.

பிரதியும் ப்ரொஜெக்டரும்

சாலிகிராமம், நுங்கம்பாக்கம் பக்கத்துப் ப்ரிவியூ தியேட்டர் எடுத்தால் டி.சி.பி. (தியேட்டர் சர்வரில் ஏற்றி ஓட்டும் டிஜிட்டல் பிரதி) ஓடும். கலாசார மையங்களிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் லேப்டாப், எச்.டி.எம்.ஐ., ப்ரொஜெக்டர். இரண்டுக்கும் கெடுகிற வழிகள் வேறு வேறு.

டி.சி.பி. என்றால் ஹார்ட் டிஸ்க்கை ஒரு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். 150 ஜி.பி. படம் நொடிக்கு 30 எம்.பி. வேகத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். காட்சிக்கு அரை மணி முன்னால் டிஸ்க்கோடு ஓடி வருகிறவர்களைப் ப்ரொஜெக்ஷனிஸ்ட் நன்றாகவே அறிவார். பூட்டிய டி.சி.பி.க்குக் கே.டி.எம். என்ற சாவி ஃபைல் வேண்டும். அது அந்தத் தியேட்டரின் அந்த சர்வருக்கு மட்டுமே செல்லும். கடைசி நேரத்தில் பக்கத்து ஸ்கிரீனுக்கு மாற்றினால் சாவி திறக்காது. சாவிக்கு நேர வரம்பும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சாவியில் மாலை 6 மணி என்றிருப்பது யார் ஊர் 6 மணி என்று பாருங்கள். உலக நேரத்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். முன்தினச் சோதனை ஓட்டத்தையும் சேர்த்து வரம்பு கேட்டு வாங்குங்கள்.

ஃபைலாக ஓட்டுகிறீர்கள் என்றால் 1920×1080 அளவில் எச்.264 என்ற சுருக்கிய வீடியோ வடிவம், நொடிக்கு 20 மெகாபிட் போதும். ஒன்றரை மணி நேரப் படம் 13, 14 ஜி.பி. வரும். அதே படம் எடிட்டிங்குக்குப் பயன்படும் ப்ரோரெஸ் எச்.க்யூ. வடிவில் 120 ஜி.பி.யைத் தொடும். சாதாரண லேப்டாப்பில், அதுவும் பென் டிரைவிலிருந்து, அது திக்கும். ஃபைலை லேப்டாப்பின் உள்டிஸ்க்கில் போட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். கூகுள் டிரைவிலிருந்து நேராக ஓட்டுவதை யோசிக்கவே வேண்டாம். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் படம் குதித்துக் குதித்துப் போகிறது என்றால் காரணம் ஃபைல் இல்லை. 24 பிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறீர்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 24க்கு மாற்றுங்கள். 25 பிரேம் என்றால் 50.

வெளிச்சக் கணக்கு எளிது. திரை 12 அடி அகலம், 6.75 அடி உயரம் என்றால் 81 சதுர அடி. பிலிம் காலத் தியேட்டர் தரநிலை சதுர அடிக்கு சுமார் 16 லூமென் (வெளிச்சத்தின் அளவு). ஆக, திரையில் விழ வேண்டியது சுமார் 1,300 லூமென். அதற்காக 1,500 லூமென் ப்ரொஜெக்டர் வாங்கி வந்துவிடாதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் எண் நிறம் கெட்ட ‘டைனமிக்’ மோடில் அளந்தது. ‘சினிமா’ மோடுக்கு வந்தால் பாதிக்கு இறங்கும், பழைய விளக்கு இன்னும் குறைக்கும். 3,500 என்று போட்டிருப்பது 12 அடித் திரைக்குத் தாங்கும். 20 அடித் திரைக்கு 225 சதுர அடி. அங்கே திரையில் மட்டும் 3,600 வேண்டும். பெரிய திரை கிடைத்தது என்பதற்காகப் படத்தை விரித்து மங்க வைப்பதைவிட, சிறிதாக்கிப் பளிச்சென்று காட்டுவது மேல். இரவுக் காட்சிகள் நிறைய இருக்கும் படத்துக்கு இது உயிர்.

பழைய படம் 4:3 அளவு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. ‘திரை முழுக்க வரலையே’ என்று யாராவது ரிமோட்டில் இழுத்துவிட்டால் சாவித்திரி இன்னும் அகலமாகிவிடுவார். ரிமோட்டை ஆபரேட்டர் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டர் தாண்டினால் சாதாரண வயர் நம்பகமில்லை. ஆப்டிக்கல் வகை வாங்குங்கள், அதற்கு ஒரு முனை சோர்ஸ், மறுமுனை டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும், திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது. அரங்கச் சுவருக்குள் போட்டிருக்கும் பழைய வி.ஜி.ஏ. வயரை நம்ப வேண்டாம்.

சப்டைட்டில் தனி எஸ்.ஆர்.டி. ஃபைலாக இருந்தால் யூ.டி.எஃப்-8 வடிவில் சேமித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல் வருகிறதா என்று ஓட்டப்போகும் அதே லேப்டாப்பில், ஓட்டப்போகும் அதே பிளேயரில் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், கடைசி பத்து நிமிடத்தையும் பாருங்கள். 25 பிரேம் பிரதிக்கு 23.976 பிரேம் சப்டைட்டிலைப் போட்டால் தொடக்கத்தில் தெரியாது. ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகி நிற்கும். தரை சமதளமாக இருக்கும் அரங்கில் திரையின் அடிவிளிம்பு நாலடிக்குக் கீழே இருந்தால், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் யாருக்கும் சப்டைட்டில் தெரியாது. தலைதான் தெரியும்.

ஒலி

படம் மங்கலாக இருந்தால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காவிட்டால் பத்தாவது நிமிடம் போனை எடுத்துவிடுவார்கள். அடிக்கடி நடப்பது இதுதான்: ஃபைலில் ஒலி 5.1, அதாவது ஆறு சேனல், அரங்கில் இரண்டு ஸ்பீக்கர். வசனம் முழுக்க சென்டர் சேனலில் இருக்கும். லேப்டாப் இடது, வலது இரண்டை மட்டும் அனுப்பினால் இசையும் மழைச் சத்தமும் ஜோராகக் கேட்கும், ஆள் வாய் மட்டும் அசையும். ஆபரேட்டர் வால்யூமைத் திருகுவார், மழை இன்னும் பலமாகப் பெய்யும். இயக்குநரிடமே ஸ்டீரியோ மிக்ஸ் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிளேயரில் ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் (எல்லாச் சேனலையும் இரண்டில் கலப்பது) தேர்ந்தெடுத்து, வசனக் காட்சி ஒன்றை ஓட்டிச் சோதியுங்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்குப் போகும் வயரில் ‘ங்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் போட்டால் தீரும். சோதனை ஓட்டத்தை ஏ.சி.யும் மின்விசிறியும் ஓடும்போது செய்யுங்கள். காலி அரங்கில் சரியாக இருக்கும் சத்தம் ஆள் நிறைந்தால் குறையும். சற்றே கூட்டி வைக்கலாம். தியேட்டர் என்றால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் 7 என்பதுதான் மிக்ஸ் செய்தவர் கேட்ட அளவு. 7இல் ஓட்ட முடியாது என்று தியேட்டர்காரர் சொன்னால், எதில் ஓட்டுவது என்று இயக்குநரையோ ஒலி வடிவமைப்பாளரையோ உட்கார வைத்து முடிவு செய்து, அந்த எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏற அரை நிமிடம்தான், ஆனால் விளக்கு வகைப் ப்ரொஜெக்டர் சட்டென்று அணைந்தால் ஆறிய பிறகே மறுபடி எரியும், அதற்குச் சில நிமிடம் ஆகும். ப்ரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு கே.வி.ஏ. யு.பி.எஸ். வைத்தால் அந்த இடைவெளி தாண்டிவிடும். ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்ட வேண்டாம்.

பேச்சு

உரையாடலை நடத்துபவர் படத்தை முன்பே, முழுதாக, முடிந்தால் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். பிரபலமானவர் என்பதற்காக நடிகையையோ தொகுப்பாளரையோ பிடித்துப் போட்டால், அவர் விக்கிபீடியாவைப் படித்துக் காட்டுவார். அதைவிட ஒரு உதவி இயக்குநரோ படத்தொகுப்பாளரோ உட்கார்ந்தால் இருபது மடங்கு நல்லது.

கேள்வி வேலையிலிருந்து வரட்டும். எத்தனை நாள் ஷூட்டிங்? லைவ் சவுண்டா, டப்பிங்கா? அந்தப் பேருந்துக் காட்சிக்கு அனுமதி எப்படி வாங்கினீர்கள்? திரைக்கதையில் இருந்து எடிட்டிங்கில் போன காட்சி எது, ஏன் போனது? கேமராவை அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே வைத்தது முன்பே யோசித்ததா, இடம் இல்லாததாலா? பட்ஜெட் குறைந்தபோது முதலில் எதை வெட்டினீர்கள்? இப்படிக் கேட்டால் பெண்ணாக இருப்பதன் பாடும் தானாக வரும். இரவு ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வண்டி, லொகேஷனில் கழிப்பறை, தயாரிப்பாளர் இயக்குநரின் கணவரிடம் கதை கேட்டது என்று எல்லாம் வரும். அவரே அதைச் சொல்ல இடம் கொடுங்கள். “குடும்பத்தையும் சினிமாவையும் எப்படிச் சமாளிக்கிறீங்க” என்ற கேள்வியை, ஆண் இயக்குநரிடம் கேட்கும் நாள் வரும்வரை ஒத்திவையுங்கள்.

காட்சித் துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் பேச்சு தரையில் நிற்கும். இரண்டு நிமிடத் துண்டை மறுபடி ஓட்டி, “இங்கே ஏன் வெட்டவில்லை?” என்று கேட்பது பத்துப் பொதுக் கேள்விக்குச் சமம். துண்டைத் தனி ஃபைலாக வெட்டி வையுங்கள். மேடையில் வைத்து முழுப் படத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டித் தேடுவது பார்க்க சகிக்காது.

பார்வையாளர் கேள்வி நேரத்தில் சென்னையில் ஒரு ஜாதி உண்டு. மைக்கைக் கையில் வாங்கி, “எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று எட்டு நிமிடம் பேசும் பெரியவர். பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் முன்வரிசை. மைக்கைக் கையில் கொடுக்காமல் தன்னார்வலரே நீட்டிப் பிடித்தால் பாதி தீரும். மீதிப் பாதிக்குத் துண்டுச்சீட்டு: இடைவேளையில் சீட்டும் பேனாவும் கொடுத்து எழுதி வாங்கி, நடத்துபவர் தேர்ந்து படிக்கலாம். முதல் கேள்வி ஒரு பெண்ணிடமிருந்து வரும்படி பார்த்துக்கொண்டால் அடுத்தடுத்து பெண்கள் கை தூக்குகிறார்கள். முதல் மூன்றும் ஆண்களுக்குப் போனால் அரங்கம் அப்படியே அடங்கிவிடுகிறது. கார்ட்லெஸ் மைக் இரண்டு, புது பேட்டரியோடு, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மேடையில் இருப்பவர்களுக்கு அவரவர் மைக்.

சைகை மொழிபெயர்ப்பாளர் வைத்தால் இரண்டு பேர் வேண்டும். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். அவர்கள் மேல் விளக்கு விழ வேண்டும். மேடை விளக்கை அழகாக மங்க வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரை இருட்டில் நிறுத்துவதைப் பல நிகழ்ச்சிகளில் பார்க்கலாம்.

விருந்தினருக்குப் பயணம், தங்குமிடம், சன்மானம் மூன்றையும் அழைப்பிலேயே எழுதுங்கள். தொகை சிறியதானாலும் எழுதுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் போடுவதாக இருந்தால் அதற்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். தயாரிப்பாளரைப் பற்றி ஏதாவது மனம்விட்டுச் சொன்ன பிறகு, கேமரா ஓடுவதைப் பார்த்து அவர் வெலவெலத்துப் போகக்கூடாது. இரட்டை அர்த்த ‘ஜோக்’ அடிப்பவர், பின்னாலேயே வந்து நம்பர் கேட்பவர் எல்லாம் வருவார்கள். யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு பெண்ணின் பெயரும் எண்ணும் வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கட்டும்.

நேரம்

யார் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்கள் வீடு திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எட்டரைக்கு மேல் இழுத்தால் பேச்சு தொடங்கும்போதே பாதிப் பெண்கள் எழுந்துவிடுவார்கள். சனிக்கிழமை 4 மணி காட்சி, 100 நிமிடப் படம், பதினைந்து நிமிடம் டீ, முக்கால் மணி நேரப் பேச்சு என்றால் ஏழுக்குள் முடிந்துவிடும். மகளிருக்குக் கட்டணமில்லாச் சாதாரணப் பேருந்து எந்த நிறுத்தத்தில் கிடைக்கும், மெட்ரோ எவ்வளவு தூரம் என்று அழைப்பிதழிலேயே போட்டால் கார் இல்லாதவர்களும் வருவார்கள். குழந்தையோடு வருபவர்களுக்குக் கதவோரம் கடைசி வரிசை. பக்கத்து அறையில் பாயும் கிரேயானும், பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் இருந்தால் இன்னும் நல்லது. வரவேற்புரை ஐந்து நிமிடம். பொன்னாடை வேண்டாம்.

காட்சி முடிந்த வாரத்திலேயே கட்டணத்தை அனுப்பி, எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று இயக்குநருக்கு நாலு வரி எழுதுங்கள். அடுத்த படத்துக்கு நிதி கேட்கும்போது அவருக்கு அது பயன்படும். ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். அரங்கத்து லேப்டாப்பில் போட்ட ஃபைலை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.